ஒன்பது ஸ்பீக்கரும் ஒரு திருத்தமும்

எங்கள் ஊர்ப் பதிவேட்டுத் திருத்த அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "கோப்புகளை விரைந்து முடிப்பது எப்படி?" என்ற மூன்று மணி நேரப் பயிற்சிப் படம் அடுத்த மாதம் இருபதாம் தேதி இணையத்தில் நேரலையாகக் காட்டப்படும், கிளை அலுவலர்கள் தத்தம் ஊழியர்களுடன் அமர்ந்து அதை முழுமையாகக் கண்டு தெளிவாகச் செவிமடுக்க வேண்டும், காணத் தவறும் அலுவலரின் பதவி உயர்வு மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும்.

அலுவலர் அதை இரண்டு முறை முழுதாகப் படித்தார். மூன்றாம் முறை கடைசி வரியை மட்டும் படித்தார்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பதவி உயர்வுக்காக ஏழு வருடமாகக் காத்திருப்பவர். கவுண்டருக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'நானும் உங்களைப் போலக் காத்திருப்பவன்தானே' என்று அவருக்கு நெஞ்சு இளகும். அந்தச் சமத்துவ உணர்ச்சியினால்தான் அவர்களில் யாருக்கும் அவர் எதுவும் செய்து கொடுப்பதில்லை.

அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் திரை சாப்பாட்டு டப்பா மூடி அகலம். சத்தம் வராது. ஊழியர்கள் பாட்டுக் கேட்கிறார்கள் என்று முன்பிருந்த அலுவலர் ஸ்பீக்கர் ஒயரைக் கத்தரித்து, கத்தரித்த ஒயரை ஒரு கோப்பில் வைத்துத் தைத்து, கோப்புக்கு எண்ணும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"புதுசா வாங்கிட வேண்டியதுதான் சார். ஆனா அதுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு இருக்கு," என்றார் தலைமை எழுத்தர்.

ஐம்பத்தாறு வயதான அவர் எதைப் பற்றிப் பேசினாலும் இந்த வாக்கியத்தில்தான் முடிப்பார். அதனால் அவர் பெயரே அடிக்குறிப்பு என்றாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் கீழே என்ன சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்.

அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை அவர் விரித்தார். நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, குப்பைக்கூடை. திரையும் சத்தமும் ஒன்றாக இருக்கும் பொருள் கடைசிப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'இல்லத் திரையரங்கத் தொகுதி.'

"அப்படின்னா?"

"ஹோம் தியேட்டர் சார்."

அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மைத்துனர் வீட்டில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அதே நேரம் கவுண்டரில் ஒரு தையல்காரம்மா நின்றிருந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய வீடு, யாரோ கை தவறி எழுதியதில், பதிவேட்டில் 'அலுவலகம்' என்று விழுந்துவிட்டது. அதை 'வீடு' என்று மாற்றித் தரச் சொல்லி ஐந்து மாதமாக நடக்கிறார். அலுவலகத்துக்குச் சமையல் கேஸ் கிடையாது என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்து, சட்டியைத் துணியால் பிடித்துத் தெருவில் தூக்கி வந்துகொண்டிருந்தார். இது போதாதென்று ஓர் ஆய்வாளர் வந்து, அலுவலகம் என்றால் பெயர்ப்பலகையும் புகார்ப் பெட்டியும் தீயணைக்க மணல் வாளியும் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றையும் வைத்தார். புகார்ப் பெட்டியில் நிஜமாகவே புகார் விழுந்தது. தெருவிளக்கு எரியவில்லையாம். தையல்காரம்மா மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். விளக்கு எரிந்தது. அதுதான் அவர் செய்த தப்பு. மறுநாள் பெட்டியில் நாலு புகார்.

"கேஸ் இல்லாம இன்னும் எத்தனை நாள் சார்?" என்று அவர் கேட்டார்.

"உங்க ஃபைல் நகர்ந்துக்கிட்டேதாம்மா இருக்கு," என்றார் அடிக்குறிப்பு.

"எங்கே நகருது?"

அடிக்குறிப்பு திரும்பிப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: "நேத்து பீரோ மேலே இருந்துச்சு. இன்னிக்கு ஜன்னலோரம் வந்திருக்கு."

அன்று பிற்பகல் அலுவலரும் அடிக்குறிப்பும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் மெல்லிய ஆள். ஆனால் மூச்சு விடாமல் பேசக்கூடியவர்.

"எத்தனை சேனல் வேணும் சார்?"

"எங்க ஆபீஸ்ல எல்லாமே ப்ராப்பர் சேனல்தான்," என்றார் அலுவலர் சற்றே காயப்பட்ட குரலில்.

"அது இல்ல சார். அஞ்சு புள்ளி ஒண்ணா, ஏழு புள்ளி ஒண்ணா?"

"புள்ளிக்கு அப்புறம் வர்ற அந்த ஒண்ணு யாரு?" என்று அடிக்குறிப்பு ஆர்வத்துடன் முன்னால் வந்தார். புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் அவர் துறை.

"அது பெரிய டப்பா சார். மூலையில தரையில உக்காந்திருக்கும். மத்ததெல்லாம் பேசும், பாடும். இது உறுமும், அவ்வளவுதான்."

"மேற்பார்வையாளர்," என்று அடிக்குறிப்பு குறித்துக்கொண்டார்.

"இது இன்டர்நெட் படம் காட்டுமா? அதுதான் முக்கியம்," என்றார் அலுவலர்.

"காட்டும் சார். ஆனா அந்தப் படம் எந்த ஆப்ல வருதோ அந்த ஆப் இதுல இருக்கணும். இருந்தாலும் அப்டேட் ஆகியிருக்கணும். அப்டேட் ஆயிட்டா, இந்த மாடலுக்கு அந்த ஆப் ஓடாது."

"ஆகாட்டி?"

"ஆகாட்டி ஓடும் சார், ஆனா உள்ளே விடாது. அப்புறம் வைஃபை சுவர் தாண்டி வந்தா கொஞ்சம் களைச்சுப் போயிடும். நடுவுல ஒரு வட்டம் சுத்தும். அது சுத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையா உக்காந்திருக்கணும்."

"அதுல எங்களுக்கு நல்ல பழக்கம்," என்றார் அலுவலர்.

கடைசியில் விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "வெளிப்படையா சொல்றேன் சார். இப்போ எல்லாரும் ஒன்பது ஸ்பீக்கருக்குப் போயிட்டாங்க. அஞ்சு வச்சிருக்கிறவங்க அதைத் துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. வீட்டுக்கு யாராச்சும் வந்தா வெட்கமா இருக்காம்."

"மனுஷனுக்குக் காது ரெண்டுதானே?" என்றார் அடிக்குறிப்பு.

"அதான் சார் இந்தத் தொழில்ல இருக்கிற ஒரே குறை."

அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு மைத்துனரை நினைத்தார். மைத்துனரிடம் இருந்தது ஏழு. "ஒன்பது," என்றார்.

தணிக்கைப் பிரிவு அந்தக் கொள்முதலை மறுநாளே திருப்பி அனுப்பியது. இல்லத் திரையரங்கம் என்பது பெயரிலேயே தெளிவாக உள்ளபடி இல்லத்துக்குரியது, தாங்கள் நடத்துவது அலுவலகம், ஆகவே இயலாது.

அலுவலர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடிக்குறிப்பு பத்து நிமிடம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில், முப்பது வருட சேவையில் யாரும் பார்த்திராத ஓர் ஒளி வந்தது.

"சார், பதிவேட்டில அலுவலகத்தை வீடுன்னு திருத்துற அதிகாரம் இந்த ஊர்லயே ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

மூன்று இருபதுக்கு அலுவலர் தமக்கே ஒரு மனு எழுதினார். மூன்று இருபத்தைந்துக்கு அதைப் பெற்றுக்கொண்டு தமக்கு ரசீது கொடுத்தார். மனுதாரரை நேரில் விசாரித்ததில் அவர் நம்பத்தகுந்தவராகத் தோன்றினார். மூன்று நாற்பதுக்குத் திருத்த அலுவலகம் 'வீடு' ஆனது.

கவுண்டருக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மா கேட்டார்: "நானும் அதே திருத்தம்தானே சார் கேட்கிறேன்? எனக்கு அஞ்சு மாசம், உங்களுக்கு இருபது நிமிஷமா?"

"உங்களுது பிழைத் திருத்தம்மா. பிழை எப்படி வந்ததுன்னு கண்டுபிடிக்கணும், நாளாகும்," என்றார் அடிக்குறிப்பு கனிவாக. "இதுல பிழையே இல்லை. நாங்க தெரிஞ்சேதான் செய்றோம்."

வீடு என்றால் குடும்ப அட்டை வேண்டும். படிவத்தில் உறவுமுறைக் கட்டம் இருந்தது. அலுவலரைக் குடும்பத் தலைவர் என்று போட்டார்கள். வயதை உத்தேசித்து அடிக்குறிப்பு சித்தப்பா ஆனார். தட்டச்சு செய்யும் அம்மாள் அக்கா. காவலாளிக்கு ஒன்றும் பொருந்தாமல், கடைசியில் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை என்று எழுதினார்கள்.

காகிதத்தில் எழுதியதை நம்புகிற அலுவலகம் அது. இரண்டே நாளில் எல்லாருக்கும் உறவு ஒட்டிக்கொண்டது. தாமதமாக வந்தவரை அலுவலர் கண்டித்தால், "தம்பி, அக்கா கிட்ட குரலை உசத்தாதே," என்று பதில் வந்தது. காவலாளி வாசலில் நிற்க மறுத்துவிட்டார். மாப்பிள்ளையை யாராவது வாசலில் நிறுத்துவார்களா? தன்னைக் கலக்காமல் முடிவெடுத்தார்கள் என்று அடிக்குறிப்பு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அலுவலரே போய், "வாங்க சித்தப்பா, எல்லாரும் உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்," என்று கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் காலை புதிய வீட்டுக்குக் கேஸ் இணைப்பு வந்தது. விண்ணப்பிக்கவே இல்லை.

பிறகு ஒன்பது ஸ்பீக்கரும் வந்தன. பதிவறையில் மாட்டிப் பார்த்தபோது பேச்செல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. விற்பனையாளர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சுவர்ல சத்தத்தை உறிஞ்சுற மாதிரி ஏதாவது ஒட்டணும் சார். மெத்துன்னு, கனமா, எப்பவும் அசையாம இருக்கிற பொருளா இருக்கணும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் கண் ஜன்னலோரம் போனது. அங்கே நிலுவைக் கோப்புகள் ஆளுயரம் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "சார், இதுக்கு வெளியூர்ல எவ்வளவு கிராக்கி தெரியுமா!"

ஆயிரத்து நூறு கோப்புகள் நான்கு சுவரிலும் வரிசையாக ஏறின. ஒலி தேன்போல ஆனது. விற்பனையாளர் போகும்போது எச்சரித்தார்: "ஒண்ணைக்கூட எடுத்துடாதீங்க. ஒரு ஃபைல் நகர்ந்தாலும் மொத்த சத்தமும் கெட்டுடும்." கோப்புகள் எக்காரணம் கொண்டும் நகரக் கூடாது என்று அலுவலர் எழுத்துமூலம் ஆணையிட்டார். இந்த அலுவலகத்தின் வரலாற்றில் முழுமையாக நிறைவேற்றப்பட்ட ஆணை அது ஒன்றுதான்.

தையல்காரம்மாவின் கோப்பு, இடப்பக்கப் பின் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருந்தது.

இதற்கிடையில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. வீட்டில் கவுண்டர் நடத்த முடியாது. பதிவேடுகள் அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் விதி. அடிக்குறிப்பு விதி பார்த்து நடப்பவர். பதிவேட்டைப் புரட்டி அந்த வட்டாரத்தில் 'அலுவலகம்' என்று பதிவான கட்டடம் எது என்று தேடினார். ஒன்றுதான் இருந்தது. பதினாறு பதிவேடுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, தையல்காரம்மா வீட்டில் இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தலைமையகம் ஆண்டுதோறும் அனுப்பும் புது முத்திரையையும் தபால்காரர் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலை கூட்டம் அங்கே நின்றது.

"இது வீடுங்க," என்றார் தையல்காரம்மா.

"பலகை இருக்கே. மணல் வாளி இருக்கே," என்றார் முன்னால் நின்றவர்.

ஐந்து மாதமாக இதே வாதத்தைச் செய்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது. விளக்கிச் சொல்லி அனுப்புவதைவிடச் செய்து கொடுத்து அனுப்புவது சீக்கிரம் முடிகிற வேலையாகப் பட்டது. முன்னால் நின்றவரின் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. ஆதாரத்தை வாங்கிப் பார்த்தார், பதிவேட்டில் அடித்து எழுதினார், முத்திரை குத்தினார். "அடுத்து யாரு? நாலு மணிக்கு எனக்குத் துணி வெட்ட இந்த மேஜை வேணும். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும்."

தினமும் முடிந்தது. மூன்று வாரத்தில் அறுநூறு திருத்தம். தம்முடையதைத் தவிர. அவருடைய பழைய மனு நிலுவையில் இருக்கும்போது புது மனு கொடுக்கக் கூடாது என்று அடிக்குறிப்பு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஊர் முதல் வாரம் சந்தோஷப்பட்டது. இரண்டாம் வாரம் சந்தேகப்பட்டது.

"ஏம்மா, அஞ்சு நிமிஷத்துல குடுக்கிறீங்களே, இது செல்லுமா?" என்றார் ஒருவர்.

"ஒரு தடவைகூட அலைய விடலையே. இதுல ஏதோ இருக்கு," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

ஒரு வங்கிக்காரர், மனுக் கொடுத்த தேதியும் சான்றிதழ் தேதியும் ஒன்றாக இருப்பதால் இது போலியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்க மறுத்தார். சிலர் ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டுத் தர முடியுமா என்று தையல்காரம்மாவிடம் கெஞ்சினார்கள். ஒரு பெரியவர் மறுநாள் வரச் சொல்லும்படி வற்புறுத்தி, சொல்ல வைத்து, நிம்மதியாக வீடு திரும்பினார். தையல்காரம்மாவுக்கு அன்று முதல்முறையாக இந்த ஊரின்மேல் கோபம் வந்தது.

இருபதாம் தேதி வந்தது. அலுவலரும் சித்தப்பாவும் அக்காவும் மாப்பிள்ளையும் பதிவறையில் அமர்ந்தார்கள். ரிமோட்டை அழுத்தியதும் மூலையில் இருந்த பெரிய டப்பா உறுமியது. வட்டம் சுற்றியது. நால்வரும் அனுபவசாலிகள், அசையாமல் இருந்தார்கள். பிறகு திரையில் எழுத்து வந்தது. 'இப்படம் அலுவலக இணைப்புகளுக்கு மட்டும். வீட்டு இணைப்பில் காண இயலாது.' ஒன்பது ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு 'டிங்' சொன்னன. அந்த 'டிங்' மிகத் துல்லியமாகக் கேட்டது.

"அலுவலக இணைப்பு யார் வீட்டில இருக்கு?" என்று அலுவலர் அலறினார்.

தையல்காரம்மாவின் கணவர் லாரி ஓட்டுபவர். மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவரிடம் முகம் பார்த்துப் பேச அவர் வீட்டில் இணையம் வாங்கி வைத்திருந்தார். முகவரியைப் பார்த்து அதை அலுவலக இணைப்பாகவே கொடுத்திருந்தார்கள். நால்வரும் மூச்சிரைக்க ஓடிப்போய் வாசலில் நின்றபோது தையல்காரம்மா ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே வாங்க. உங்க மனுவைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"மனு இல்லம்மா. படம் பாக்கணும். ஏற்கெனவே ஏழு நிமிஷம் போயிடுச்சு. என் பதவி உயர்வும்மா!"

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். "என் ஃபைலைக் கொண்டு வாங்க."

அலுவலர் அடிக்குறிப்பைப் பார்த்தார். "அதை எடுத்தா சத்தம் கெட்டுடும் சித்தப்பா."

"இப்போ அதுல சத்தமே வரலையே தம்பி," என்றார் அடிக்குறிப்பு.

மாப்பிள்ளை ஓடினார். சுவரிலிருந்து அந்தக் கோப்பைப் பிய்த்து எடுத்தபோது பக்கத்தில் இருந்த பதினான்கு கோப்புகளும் அவர் தலையில் விழுந்தன. ஐந்து மாதம் நகராத கோப்பு ஆறு நிமிடத்தில் இரண்டு தெருவைக் கடந்து வந்தது.

தையல்காரம்மா தம் போனை நூல்கண்டு டப்பாமேல் சாய்த்து வைத்தார். சத்தம் போதாமல் ஒரு வெறும் சொம்புக்குள் போனைச் செருகினார்கள். நால்வரும் தரையில் ஒட்டி உட்கார்ந்து, சொம்புக்கு மேலே தெரிந்த அரைத் திரையில் கோப்புகளை விரைந்து முடிப்பது எப்படி என்று பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரம் கோப்பு என்றால் என்ன என்பதற்குப் போனது.

தையல்காரம்மா தம் மனுவை மேஜையில் விரித்து, பதிவேட்டில் 'அலுவலகம்' என்பதை அடித்து 'வீடு' என்று எழுதி, முத்திரையைக் கையில் தூக்கினார்.

"ஐயோ, குத்திடாதீங்க!" என்று அடிக்குறிப்பு கத்தினார். "குத்தினதும் இது வீடாயிடும். படம் நின்னுடும்!"

"எவ்வளவு நேரம் பாக்கி?"

"ரெண்டு மணி நேரம்தாம்மா."

ஐந்து மாதம் காத்திருந்தவர் இரண்டு மணி நேரம் முத்திரையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். நடுநடுவே மைப்பெட்டியில் ஒற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். படத்தின் முடிவில் ஒரு பூச்செண்டு வந்தது. 'நன்றி' என்ற எழுத்து முழுசாக மறைவதற்குள் முத்திரை 'டொப்'பென்று விழுந்தது. மூன்றாம் நாள் சிலிண்டர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அவர் தம் வீட்டு அடுப்பில் பால் பொங்க விட்டு, பொங்கி வழிவதைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றிக் காய் நறுக்க வைத்துக்கொண்டார்.

அத்துடன் ஊரில் திருத்த அலுவலகமே இல்லாமல் போனது. பழைய கட்டடத்தை மறுபடி அலுவலகம் ஆக்கலாம் என்றால், அதற்குத் திருத்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பதிவேடுகளை எந்த வீட்டிலும் வைக்கக் கூடாதென்பதால் அவை இரண்டு வீட்டுக்கும் நடுவே தெருவில் தள்ளுவண்டியில், தார்ப்பாய் போட்டு நிற்கின்றன. மனு வாங்க இடம் இல்லாததால் நிலுவையும் இல்லை. படம் பார்ப்பதற்கு முன்பு அறுநூறு திருத்தம், பார்த்த பின்பு பூஜ்யம் நிலுவை என்று கணக்கெடுத்த தலைமையகம், பயிற்சிப் படத்தின் மகத்தான வெற்றி என்று அறிவித்து அலுவலருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. அவர் இப்போது பத்து மாவட்டங்களுக்கு இல்லத் திரையரங்க ஆலோசகர்.

பாதிக்கப்பட்ட மக்கள் சும்மா இருக்கவில்லை. எழுத்துப் பிழையோடு கூடிய சான்றிதழ்களைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் பழைய அலுவலகத்தை முற்றுகையிட்டோம். வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்துவது முறையல்ல என்று சித்தப்பா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பக்கத்திலிருந்தும் மழை பெய்தது. யாரோ "உஷ்" என்றார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தவறாமல் முற்றுகை நடக்கிறது. குடும்பத்தோடு போகிறோம். போன வாரம் மட்டும் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, இனியும் மௌனமாக இருக்க முடியாது, மக்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று முழங்கினார்.

பின்வரிசைக்குச் சத்தம் பத்தவில்லையாம். பதினொன்று வாங்கச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.